முதியோருக்கான அக்கம்பக்கத் துணைக் குழுக்கள்

முதியோருக்கான அக்கம்பக்கத் துணைக் குழு என்பது, வயதானவர்கள் தாம் வாழ்ந்து பழகிய வீட்டிலேயே முதுமைக் காலத்தைக் கழிக்க அதே பகுதி மக்கள் கூடி உதவும் இலாப நோக்கற்ற அமைப்பாகும். முதியோர் இல்லத்துக்கோ வெளியூரில் உள்ள பிள்ளைகளிடமோ இடம்பெயர வேண்டிய நிலையைத் தள்ளிப்போடுவதும் தவிர்ப்பதும் இதன் நோக்கம். இவற்றை நடத்துவோர் பெரும்பாலும் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களிலும் பலர் அறுபதைக் கடந்தவர்கள்.

தேவை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 8.6 விழுக்காட்டினர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். தமிழ்நாட்டில் இது 10.4 விழுக்காடு. பிறப்பு விகிதம் குறைந்து ஆயுட்காலம் கூடுவதால் இந்தப் பங்கு வளர்ந்து வருகிறது.

திண்டுக்கல் நகரின் பூட்டுப் பட்டறைகளிலும் தோல் பதனிடும் தொழிலிலும், அருகிலுள்ள சின்னாளபட்டியின் தறிகளிலும் உழைத்து ஓய்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று வேலை தேடிப் போனபின் வீட்டில் எஞ்சுவது முதிய தம்பதியர், சில ஆண்டுகளில் அவர்களுள் ஒருவர் மட்டும்.

அரசு உதவிகளும் இடைவெளியும்

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரும் உரிமையைத் தருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம் தொடக்கத்தில் 70 வயதைக் கடந்தோருக்கு ரேஷன் பொருள்களை வீட்டில் சேர்த்தது. 14567 என்ற எண் முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண்.

இத்தனை இருந்தும் ஓர் இடைவெளி உண்டு. மாத்திரை வீடு வந்து சேரும். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று பிரித்து வைக்க ஆள் வேண்டும். ஓய்வூதியர் ஆண்டுதோறும் ஆயுள் சான்று தர வேண்டும். கைரேகை தேய்ந்துபோய்க் கருவி ஏற்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல ஒருவர் வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்தவர் கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் யாராவது இருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் அக்கம்பக்கக் குழுக்கள் இயங்குகின்றன.

முன்மாதிரிகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் பகுதியைச் சேர்ந்த சிலர், முதுமையில் தம் வீடுகளை விட்டுப் போகாமல் இருக்க வழி என்ன என்று 1999இல் கூடிப் பேசினர். அதிலிருந்து பிறந்த ‘பீக்கன் ஹில் வில்லேஜ்’ 2002இல் சேவையைத் தொடங்கியது. உறுப்பினர்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்துகிறார்கள். போக்குவரத்து, வீட்டுப் பழுதுபார்ப்பு, ஒன்றுகூடல் ஆகியவற்றுக்கு அமைப்பு ஏற்பாடு செய்கிறது. இதைப் பின்பற்றி அமெரிக்காவில் பல ஊர்களில் இத்தகைய அமைப்புகள் தோன்றின.

நமக்கு நெருக்கமான முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் உள்ளிட்டோர் பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் நிறுவினர். மருத்துவமனையில் மட்டும் இருந்துகொண்டு படுத்த படுக்கையாக இருப்போரைச் சென்றடைய முடியாது என்ற அனுபவத்திலிருந்து, 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புரம் மாவட்டத்தை மையமாகக் கொண்டு அக்கம்பக்க வலையமைப்பு உருவானது. புற்றுநோயாளிகளோடு பக்கவாதத்தாலும் மூப்பாலும் முடங்கியவர்களும் இதன் கவனிப்பில் வந்தனர்.

வாரம் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், நான்கு நாள் களப்பயிற்சியும் தரப்பட்டன. பயிற்சி பெற்ற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் தம் பகுதிக்கு ஒரு குழு தொடங்கலாம். செலவின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு நன்கொடைகளிலிருந்தே வந்தது. மருத்துவரும் செவிலியரும் குழுவுக்குத் துணையாக இருந்தார்கள். திட்டமிடுவதும் நடத்துவதும் உள்ளூர்த் தன்னார்வலர் பொறுப்பு. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு உள்ளாட்சி அமைப்புகளையும் இணைத்தது.

தமிழ்நாட்டில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் கடலூர், நாகப்பட்டினம் கடலோரங்களில் முதியோர் சுயஉதவிக் குழுக்களை அமைத்தது. முதியோரே கூடிச் சேமித்து, கடன் கொடுத்து, கணக்கும் பார்த்தனர். திண்டுக்கல் வட்டாரத்துக்குத் தனியாக ஒரு தொண்டு மரபும் உண்டு. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே நிறுவிய காந்திகிராமம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்துக் கிராமப் பணியில் ஈடுபடுத்தியது.

தலைமைத் தன்னார்வலரின் பணிகள்

குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் செய்யும் வேலைகளில் முதன்மையானவை:

- தெருவாரியாகத் தனித்து வாழும் முதியோரின் பட்டியலும், அவர்களின் மருத்துவர், உறவினர் தொலைபேசி எண்களும் வைத்திருத்தல்.
- யார் வீட்டுக்கு யார், எந்தக் கிழமை போவது என்று முறை வகுத்தல். முதல் சில முறை இருவராகப் போவது நல்லது.
- மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதியவரின் ஒப்புதலோடு எழுதிவைத்தல்.
- வரவு செலவைக் கூட்டத்தில் படித்துக் காட்டுதல்.
- வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசக்கூடாது என்ற ஒழுங்கைக் காத்தல்.

தன்னார்வலர் செய்யக்கூடாதவையும் உண்டு. ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவர் சொல்லாத மாத்திரையைத் தரக்கூடாது. உயில், சொத்து விவகாரங்களில் தலையிடக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை மட்டுமல்ல, தெருவின் நம்பிக்கையே போய்விடும்.

சிக்கல்கள்

இத்தகைய குழுக்களுக்குப் பணத்தட்டுப்பாடு பெரும் சிக்கல்தான். அதைவிடப் பெரியது, எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுவது. முனைப்பான ஒருவர் தொடங்குகிறார். எல்லா வீட்டுக்கும் அவரே போகிறார். எல்லா எண்களும் அவர் கைப்பேசியில்தான் இருக்கின்றன. அவருக்கு மூட்டுவலி வந்தாலோ, பேரப்பிள்ளையைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போனாலோ குழு நின்றுவிடுகிறது. வாரந்தோறும் ஒருவர் வருவார் என்று பழகிவிட்ட முதியவருக்கு இது, யாருமே வராமல் இருந்ததைவிடக் கொடுமை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி (1975) ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகக்கூடாது. ஆனால் அதே ஆட்களையே மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. ஆகவே பொறுப்பைக் கைமாற்றுவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளாது. குழுதான் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஓர் இணையாளரை முதல் நாளிலேயே சேர்ப்பது, விவரங்களை ஏட்டில் எழுதிவைப்பது, கல்லூரி மாணவர்களையும் முறைப்பட்டியலில் இடம்பெறச் செய்வது ஆகியவை எளிய வழிகள்.

வேறு இரண்டு குறைகளும் கவனிக்கத்தக்கவை. தெருவுக்குத் தெரு சாதி பிரிந்து கிடக்கும் ஊர்களில், ‘நம் தெரு’ என்ற எல்லையிலேயே உதவி நின்றுவிடக்கூடும். உதவி மிகத் தேவைப்படுவோர் அடுத்த தெருவில் இருப்பார்கள். அதுபோல், உணவு கொடுப்பது, உடம்பு துடைத்துவிடுவது போன்ற கவனிப்பு வேலைகள் பெண்களிடமும், பேச்சும் பதவியும் ஆண்களிடமும் சேர்வது வழக்கம். முறைப்பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் இரண்டும் வெளிப்பட்டுவிடும்.

முதியோரின் பங்கு

நன்கு இயங்கும் குழுக்களில் முதியவர் உதவி பெறுபவராக மட்டும் இருப்பதில்லை. நடக்க முடியாதவர் தொலைபேசியில் தினமும் பத்துப் பேரை நலம் விசாரிக்கலாம்; ஓய்வுபெற்ற கணக்கர் வரவு செலவைப் பார்க்கலாம்; தையல் தெரிந்தவர் சொல்லிக்கொடுக்கலாம். இன்று உதவி செய்பவருக்கு நாளை அதே உதவி தேவைப்படும். அந்த நாள் வரும்போது குழு உயிரோடு இருக்க வேண்டுமானால், இன்றே அதை ஒருவரின் குழுவாக இல்லாமல் பலரின் குழுவாக வளர்க்க வேண்டும்.