மாலை போட்ட 41 நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கார்த்திகை முதல் தேதி. நாகர்கோவில் நாகராஜா கோவிலில் மாலை போட்டுக்கொண்டு, கறுப்பு வேட்டியோடு வந்து நிற்கிறார் உங்கள் வீட்டுக்காரர். 'அப்பாடா, இனி நாப்பத்தோரு நாளு நிம்மதி' என்று மூச்சு விடுகிறீர்கள். தவக்காலம் வந்தால் அடுத்த தெரு அம்மாவும் இதே மூச்சை விடுவார். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை அவர் வீட்டிலும் பாட்டில் கிடையாது. 2013-ல் பிரிட்டனில் 'ஜனவரி முழுக்கக் குடிக்காதீர்கள்' என்று பெரிய பிரசாரமே ஆரம்பித்தார்கள். நமக்கு அது பழைய சங்கதி!

முதல் சில நாள் சாமிக்குத் தூக்கம் வராது, எரிந்து விழுவார். குடித்தால் நன்றாகத் தூங்குவதாக அவர் நினைத்திருப்பார். உண்மையில் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுப்பதே மதுதான். பத்துப் பதினைந்து நாளில் பலருக்கு இது சரியாகிவிடும். நெஞ்செரிச்சல் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும்.

பெரிய லாபம் ஈரலுக்கு. குடியால் அதில் படிந்த கொழுப்பு, நாலைந்து வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். லண்டனில் ஒரு மாதம் குடியை நிறுத்தியவர்களைப் பரிசோதித்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. இன்சுலினுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. எடையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. (விரதம்தானே என்று ஏத்தங்காய் உப்பேரியும் பாயசமுமாக வெளுத்துக்கட்டினால் எடை இறங்காது!) ஆனால் ஈரல் சுருங்கித் தழும்பேறியிருந்தால் 41 நாளில் அது மாறாது. அவர்கள் குடியை அடியோடு விட்டாக வேண்டும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிறதா? அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் காய்ச்சல், வியர்வை, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, ஆள் தெரியாமல் பேசுவது என்று ஆரம்பிக்கலாம். 'சாமி வந்திருக்கு' என்று விபூதி பூசிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உயிரே போகலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகளை மூடியபோது, எத்தனையோ வீடுகள் இதை நேரில் பார்த்தன.

இப்படிப்பட்டவரை ஐப்பசியிலேயே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் போகலாம். சில நாள் மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். அதன்பிறகு மாலை போடட்டும்.

மலையிறங்கி மாலையைக் கழற்றும் அன்றைக்கும் உஷார்! 41 நாளில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். 'எனக்கு இது சாதாரணம்' என்று பழைய கணக்கில் இறங்கினால் தலைக்கேறிவிடும். அந்த நிலையில் பைக்கை வேறு எடுப்பார்!

ஒரு யோசனை. மாலை போடும் முன்பு ஒரு தடவையும், கழற்றும் முன்பு ஒரு தடவையும் பி.பி. பார்த்து, ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுத்து வையுங்கள். ஜி.ஜி.டி. என்ற எண் குடியை விட்ட இரண்டு மூன்று வாரத்தில் ஏறக்குறைய பாதியாகும். நீங்கள் வருஷக்கணக்காய்ச் சொல்லியும் கேட்காதவர், அந்த இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார். சீட்டைக் காட்டுவதானால், அவர் மாலையைக் கழற்றும் முன்பே காட்டிவிடுங்கள்.