அச்சைக் கேட்டுச் சக்கரம் மாட்டுக

உப்பு வணிகர்கள் தங்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படும் வழக்கத்தைப் புறநானூற்றில் ஔவையார் குறிப்பிடுகிறார். எருதுகள் இளையவை, ஏற்றிய பாரமோ பெரிது, வழியில் மேடும் பள்ளமும் எங்கே குறுக்கிடும் என்பதோ ஒருவருக்கும் தெரியாது என்று எண்ணித்தான் அவர்கள் அவ்வாறு செய்தார்களாம். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு உவமையாக அவர் இதை எடுத்தாண்டார் என்றாலும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டிய மனிதன் சக்கரத்தைவிட அச்சைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டான் என்ற உண்மையும் அந்த உவமைக்குள் பத்திரமாக இருக்கிறது. இன்று ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்ட ஆசைப்படும் நம் இளைஞர்களுக்கு அந்தக் கவலை மறந்துபோயிற்று. அதை நினைவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற ஓர் ஊரில் இந்த ஆசை பிறப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியை ஒட்டிய களிமண் பூமி குழைந்து, நடப்பவனின் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும்; கல் குவாரிகளுக்குப் போகும் பாதைகளிலோ, பாரம் ஏற்றிய டிப்பர் லாரிகள் உழுது வைத்த பள்ளங்களும் சிதறிய ஜல்லியும் வண்டியின் அடிவயிற்றைப் பதம் பார்க்கும். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, வட்டார வளர்ச்சி அலுவலகத்து ஜீப் இத்தகைய பாதைகளில் ஏறி இறங்கியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இன்று தமக்கென ஒரு நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கி, அதன் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டால் எந்தப் பாதையும் வசப்பட்டுவிடும் என்று எண்ணுவதில் வியப்பொன்றும் இல்லை.

அந்த ஆசைக்குக் கிடைக்கும் பலன் எவ்வளவு என்பதை முதலில் அளந்து பார்ப்போம். 2020ஆம் ஆண்டு வெளிவந்த மஹிந்திரா தார் வண்டியின் 18 அங்குல ரிம்மில் பூட்டப்பட்ட டயர், தரையிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 31 அங்குலம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயரை மாட்டினால் விட்டம் 4 அங்குலம் கூடுகிறது. ஆனால் அச்சு நிற்பது சக்கரத்தின் நடுவிலாகையால், அச்சுப் பெட்டிக்கு அடியில் நமக்குக் கிடைப்பது அதில் சரிபாதியான 2 அங்குலமே. பெரிய சக்கரம் குழியில் விழாமல் அதைத் தாண்டிச் செல்லும் என்பதும், சேற்றில் அகலமாகக் கால் ஊன்றும் என்பதும் உண்மைதான். எனினும் கண்ணுக்குப் பிரம்மாண்டமாகத் தோன்றும் அந்த மாற்றத்தின் சாரம் இந்த 2 அங்குலம் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த 2 அங்குலத்துக்கு அச்சு கொடுக்கும் விலை என்ன? கடப்பாரை நீள நீள, அதன் நுனியில் கொடுக்கும் அதே பலம் பாறையை அதிகமாகப் புரட்டுவதை நாம் அறிவோம். சக்கரத்தின் ஆரமும் அத்தகைய ஒரு கடப்பாரையே. டயர் தரையைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கும்போது, அந்த எதிர்ப்பு முழுவதும் ஆரத்தின் நீளத்தால் பெருகி, அச்சுத் தண்டை, மெக்கானிக்குகள் ஆக்சில் ஷாஃப்ட் என்று சொல்லும் அந்த எஃகுக் கம்பியை, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்குகிறது. 31 அங்குலத்திலிருந்து 35 அங்குலத்துக்குப் போகும்போது இந்த முறுக்கு நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கூடுகிறது. அதோடு, 35 அங்குல மண் டயர் ஒன்று ரிம் இல்லாமலே 30 கிலோவை நெருங்கும். அந்தப் பாரம் சக்கரத்தின் விளிம்பில் சுழலுகிறது. சேற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் அடியிலிருக்கும் ஒரு பாறையைச் சட்டென்று பற்றி நிற்கும் அந்தக் கணத்தில், சுழற்சியில் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் ஓர் அடியாகத் தண்டின் மேல் இறங்குகிறது. ஷாஃப்ட்டுகள் முறிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கணத்தில்தான்.

ஆகவே, டயரைப் பற்றி யோசிப்பதற்கு முன், தன் வண்டியின் அச்சு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை உரிமையாளர் அறிந்துகொள்ளுதல் அவசியம். சாலவாக்கத்துப் பக்கம் குவாரிக்குப் போகும் டிப்பர் லாரியின் பின் சக்கரத்தை உற்றுப் பார்த்தால், நடுவில் வட்டமான ஒரு தட்டும் அதைச் சுற்றி வரிசையாக நட்டுகளும் தெரியும். அந்த நட்டுகளைக் கழற்றி, சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளேயிருக்கும் ஷாஃப்ட்டை மட்டும் உருவி எடுத்துவிடலாம். லாரியின் பாரத்தை வெளியிலிருக்கும் ஹவுசிங் குழாயும் பேரிங்குகளும் தாங்க, ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது ஒன்றே வேலை என்பதால் இது சாத்தியமாகிறது. பெரும்பாலான ஜீப்புகளின் பின்னச்சில் இருப்பது இந்த அமைப்பு அன்று; அங்கே ஒரே தண்டு வண்டியின் பாரத்தையும் தாங்கி, முறுக்கையும் ஏற்கிறது. ஆகையால் அது முறிந்தால் வண்டி நின்றுபோவதோடு முடிந்துவிடாமல், சில அமைப்புகளில் சக்கரமே கழன்று தனியே ஓடிவிடும் அபாயமும் உண்டு. புதிய தாரின் முன்பக்கத்திலோ முழு நீள அச்சே கிடையாது. இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்குபவை. அங்கே அச்சை வலுப்படுத்துவதென்றால் வண்டியின் முன்பாதியையே மறுபடி நிர்மாணிப்பது என்று பொருள்.

தண்டின் பலத்தைப் பற்றி எளிய கணக்கு ஒன்று உண்டு. முறுக்கைத் தாங்கும் திறன் தண்டினுடைய விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், பத்தில் ஒரு பங்கு பருமன் கூடிய தண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிக முறுக்கைத் தாங்கும். உலகெங்கும் ஜீப் அன்பர்கள் 35, 37 அங்குல டயருக்குப் போகும்போது டானா 44, டானா 60 என்ற பெரிய அச்சுகளை நாடுவது இதனால்தான். டானா 35 என்ற சிறிய அச்சில் 7.5 அங்குலத்தைச் சற்றே தாண்டும் கிரவுன் வீல் என்ற பல்சக்கரம், டானா 44இல் 8.5 அங்குலமாகவும் டானா 60இல் 9.75 அங்குலமாகவும் வளர்ந்திருக்கிறது. உள்ளே போகும் ஷாஃப்ட்டும் அதற்கேற்பப் பருக்கிறது. ஹவுசிங்கை மாற்றாமல், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உயர்ந்த எஃகுத் தண்டுகளை மட்டும் மாட்டிக்கொள்வது இதற்கு இடைப்பட்ட வழி. அதிலும், தண்டு பலமடைந்துவிட்டால் அதுவரை தண்டின்மேல் இறங்கிய அடி அடுத்தபடியாகக் கிரவுன் வீலையும் அதைச் சுழற்றும் சிறிய பினியனையும் தேடிப் போகும் என்பதை மறக்கலாகாது.

விஷயம் அச்சோடு நின்றுவிடுவதுமில்லை. சக்கரம் பெரிதாகும்போது கியர் விகிதம் தானாகவே தளர்ந்து என்ஜின் திணறுகிறது. பழைய சுறுசுறுப்பு வேண்டுமானால் 4.1 என்றிருந்த பினியன் விகிதத்தை 4.6க்கு மேல் கொண்டுபோக வேண்டும். விகிதம் கூடக்கூடப் பினியன் சிறுத்துப் பலம் குறைகிறது. பிரேக்கும் அதே நீண்ட கடப்பாரையை எதிர்த்து நிற்க வேண்டியிருப்பதால், வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடுகிறது. வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இதற்கிடையில் இரும்புப் பம்பர், வின்ச், கூரைச் சட்டம் என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொள்கின்றன. மயிலிறகைப் போன்ற இலேசான பொருளேயானாலும், அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னது அரசனுக்கு. எனினும் அது ஜீப் வைத்திருப்பவருக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. ஒவ்வொரு சேர்க்கையும் தனித்துப் பார்த்தால் அற்பம்; முறிப்பது அவற்றின் கூட்டுத்தொகை.

இனி நிர்ணயத்துக்கு வருவோம். நிறுவனம் தந்த அளவிலிருந்து ஓர் அங்குலம் கூடுமானால், நிதானமாக ஓட்டுபவரின் அச்சுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. இரண்டு மூன்று அங்குலம் கூட்டினால் தண்டுகளையும் கியர் விகிதத்தையும் பிரேக்கையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் இருந்தால் எச்சரிக்கை இன்னும் ஒரு படி கூட வேண்டும். ஏனெனில் ஒரு சக்கரம் பிடிப்பிழந்து தொங்கும் வேளையில் என்ஜினின் பலம் முழுவதையும் மற்றொரு பக்கத்துத் தண்டு ஒன்றே சுமக்க நேரிடும். அதற்கும் மேலே, கோவாவில் 2014இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் இந்தியா போன்ற பந்தயங்களில் இறங்க விரும்புபவருக்கு, அச்சை முதலில் மாற்றிவிட்டு டயரைப் பிறகு வாங்குவதே முறை.

ஆனால், பந்தயம் நாடாத நம்மில் பெரும்பாலோருக்கு இவற்றில் எதுவுமே வேண்டியதில்லை என்பதுதான் என் துணிபு. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாறைப் பாதையில் விடியற்காலைதோறும் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், சாதாரண டயர்களோடுதான் ஏறி இறங்குகின்றன. அங்கே வேலை செய்வது ஓட்டுநரின் நிதானமும் தாழ்ந்த கியருமே. சாலவாக்கத்துக் களிமண்ணுக்கோ காசில்லாத வைத்தியம் ஒன்றிருக்கிறது. டயரிலுள்ள காற்றை 32 பவுண்டிலிருந்து 18 பவுண்டு அளவுக்கு இறக்கினால், டயர் படர்ந்து தரையைப் பற்றும் பரப்பு நன்றாகக் கூடிவிடும். சேற்றைக் கடந்து தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்ப மறக்கக்கூடாது. அதுவரை வேகமும் கூடாது.

சட்டத்தின் சொல்லையும் கேட்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் விவகாரமும் சிக்கலாகும். ஆதலால் ஒரு ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, எழுத்து மூலமாகப் பதில் பெறுவது விவேகம்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, டயர்க் கடைக்குப் போகுமுன் ஒரு நாள் உங்கள் மெக்கானிக்கோடு வண்டிக்கு அடியில் படுத்து, அந்த அச்சைக் கண்ணால் பாருங்கள். ஷாஃப்ட்டின் பருமன் என்ன, பாரத்தைத் தாங்குவது அதுவா ஹவுசிங்கா, ஆண்டில் எத்தனை நாள் உண்மையிலேயே பாதையில்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான விடை கிடைத்த பிறகும் பெரிய டயர் வேண்டுமென்று தோன்றினால், அச்சுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். அதற்கு வசதியில்லையென்றால் நிறுவனம் தந்த டயரே உங்கள் வண்டிக்கு உரிய டயர்.