பாம்பு விஷம் காட்டிக்கொடுத்த புரதம்

1952-ல் நரம்பியல் ஆய்வாளர் ரீட்டா லெவி-மோந்தால்சினி அமெரிக்காவிலிருந்து ரியோ டி ஜனைரோவுக்கு விமானம் ஏறியபோது இரண்டு சுண்டெலிகளையும் கொண்டுபோனார். இரண்டின் உடம்பிலும் புற்றுக்கட்டி. முசோலினியின் யூத விரோதச் சட்டம் பல்கலைக்கழகக் கதவைச் சாத்தியபின், டூரின் நகர வீட்டுப் படுக்கையறையிலேயே கோழிக்கருவை அறுத்து ஆராய்ந்தவர் அவர். கருவின் கைகால் முளையை வெட்டிவிட்டால், அங்கே போகவேண்டிய நரம்பு செல்கள் ஏன் சாகின்றன? அன்று பிடித்த கேள்வி விடவில்லை.

ரியோவில் துப்பு கிடைத்தது. கட்டித் துண்டின் அருகே கோழிக்கருவின் நரம்பு முடிச்சை வைத்து வளர்த்தால், ஒளிவட்டம் போல நாலா பக்கமும் நரம்பிழைகள் கிளம்பின. கட்டி எதையோ கசியவிடுகிறது. அமெரிக்காவில் அதைப் பிரித்தெடுக்க வந்த உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன், சாற்றிலிருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கப் பாம்பு விஷம் சேர்த்தார். வட்டம் குறையவில்லை, பெருத்தது! கட்டியைவிட விஷத்தில்தான் அந்தப் பொருள் பன்மடங்கு இருந்தது. விஷப்பை உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உறவு அல்லவா? ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் துழாவினால் அங்கே ஏராளம். அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்தக் காரணியை ஊட்டம் என்பார்கள். எனக்கென்னவோ தாக்கல் என்றே படுகிறது. நரம்பிழை போய்ச்சேர்ந்த திசு இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. இழை நுனியிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்ததும் ஜோடி சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. பிறகு சிறு பைக்குள் அடைபட்டு, இழை நெடுகப் பயணித்து செல்லின் உடலுக்கு வருகின்றன. தாக்கல் வந்தால் செல் பிழைக்கும். வராவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். கோழிக்கருவின் தண்டுவட இயக்க நரம்பு செல்களில் ஏறக்குறைய பாதி, இதுபோன்ற தாக்கல் வராமல்தான் போகின்றன.

மனிதக் கருவின் மூளையும் இப்படிப் பல காரணிகளை நம்பித்தான் வளர்கிறது. எஃப்ஜிஎஃப் என்ற வகை, மூளைப்புறணியின் ஆதி செல்களைப் பெருக்குகிறது. சிக்கல் எப்போது என்றால், வராத தாக்கலை வந்ததாகச் செல் எடுத்துக்கொள்ளும்போது. செல்லுக்குள் வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் எம்டிஓஆர் புரதத்துக்கு டிஎஸ்சி1, டிஎஸ்சி2 மரபணுக்கள் கடிவாளம். அவற்றில் ஒன்று பழுதானால் புறணியில் முடிச்சு முடிச்சாகத் திசு தடிக்கும், குழந்தைக்கு வலிப்பும் வரலாம். அந்த வலிப்பைத் தணிக்கத் தரப்படும், எம்டிஓஆரை அடக்கும் எவரோலிமஸ் மருந்து, ராபமைசினிலிருந்து உருவானது. ராபமைசினைச் சுரந்தது ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா. அத்தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியிலிருந்துதான் ராபமைசின் என்ற பெயர் வந்தது. ராபமைசினைக் குறிக்கும் 'ஆர்' என்ற எம்டிஓஆரின் கடைசி எழுத்தாக நம் மூளைக்குள்ளும் அத்தீவு உட்கார்ந்திருக்கிறது.