முதலில் மூடாக்கு, பிறகு உரம்

சித்திரை பிறந்துவிட்டால் மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தக்காளி மத்தியானமே தலை தொங்கிப்போகிறது, என்ன உரம் போடலாம்?" டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். அந்தச் செடிக்கு இப்போது உரம் வேண்டாம். அதன் வேருக்கு நிழல் வேண்டும்.

மாடியில் இருக்கும் செடிப் பைக்கு மேலே வெயில், கீழே காங்கிரீட்டின் சூடு, பக்கவாட்டில் அனல்காற்று. உரத்தை உறிஞ்சுகிற சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் ஓடும். புண்ணாக்கையும் சாணத்தையும் செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு உடைத்துக் கொடுக்கிற நுண்ணுயிர்கள் பெருகுவதும் அங்கேதான். அந்த மண் காய்ந்து வெடித்துக் கிடந்தால் வேரும் வேலை செய்யாது, நுண்ணுயிரும் வேலை செய்யாது. எவ்வளவு கரைசல் ஊற்றினாலும் பைக்குக் கீழே வழிந்துபோகும்.

அதனால் முதல் வேலை மூடாக்கு. வேம்பு, புங்கை, மா என்று எந்தச் சருகு கிடைத்தாலும் கையால் நொறுக்கி இரண்டு, மூன்று அங்குல உயரத்துக்கு மண்மேல் பரப்புங்கள். வைக்கோல், கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல் எல்லாமே ஆகும். தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். புல்லைப் பச்சையாகக் குவிக்காதீர்கள், ஒட்டிப் பிடித்து அழுகும். ஒரு நாள் வெயிலில் உலர்த்தினால் போதும். மரத்தூளை மேலே தூவலாம், மண்ணோடு மட்டும் கலக்கக் கூடாது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துவிடும்.

தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் ஈரம் தங்கித் தண்டு அழுகும். கீரை விதைத்த தொட்டியில் முளைத்து விரல் நீளம் வளரும்வரை மூடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடாக்கைப் பாதியாகக் குறையுங்கள். அந்த ஈரத்தில் நத்தை வந்து குடியேறும். மூடாக்குப் போட்ட பிறகு பழக்கத்துக்காகத் தண்ணீர் ஊற்றாமல், சருகை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மூடாக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கத்தான் செய்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போகும். ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று இருந்தால் போய்ச் சேராது. ஈரம் ஒரே சீராக இருந்தாலே காய் அழுகுவது வெகுவாகக் குறையும்.

இனி உரம். செக்குக் கடையில் கடலைப் புண்ணாக்கு கிடைக்கும். அதில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் 5 சதவீதம். மாட்டுச் சாணத்தில் அரை சதவீதத்தை ஒட்டித்தான். அதனால் புண்ணாக்கைக் குறைவாகவும் மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகவும் கொடுக்க வேண்டும். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிடுங்கள், தினமும் ஒருமுறை கிளறுங்கள். வாடை வரத்தான் செய்யும். பிறகு பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, 15 நாளைக்கு ஒருமுறை செடிக்கு அரை லிட்டர், ஈர மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். ஆசையில் கூட்டினால் இலை தளதளவென்று வரும், பூ வராது, அசுவினி வந்து மொய்க்கும். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மூடாக்குக்கு அடியில் போட்டால் மண் பொலபொலவென்று இருக்கும்.

பஞ்சகவ்யா கிடைத்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளியுங்கள். அரிசி கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம், ஆனால் அதையே முழு உரம் என்று நம்பாதீர்கள். இப்போது குடித்த டீயின் தூளும் வீண் இல்லை. பாலும் சர்க்கரையும் போக அலசிக் காயவைத்துச் சருகோடு கலந்துவிடுங்கள். அலசாமல் போட்டால் எறும்புதான் வரும்.

கடைகளில் விற்கும் வண்ண வண்ண பாட்டில்கள் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். புண்ணாக்கு வாங்குவதுகூட அடுத்த வாரம் ஆகட்டும். உங்கள் தெருமுனையில் சருகைக் கூட்டித் தீ வைப்பார்கள். நாளைக் காலையில் அதற்கு முன்பே போய் ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்துவிடுங்கள்.