மண்ணில் முதிரும் முட்டைகள்

கிராமப்புறக் குழந்தைகளின் குடலில் வாழும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் எனப்படுகின்றன. மலத்துடன் வெளியேறும் இவற்றின் முட்டைகள் மண்ணில் சில காலம் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகின்றன. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டைகள் இடக்கூடியது என்பதால், வயலோரத்தில் ஒருவர் மலம் கழிப்பது ஊருக்கே உரிய கவலையாகிறது.

கொக்கிப்புழுவின் வழி வேறு. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு, செருப்பணியாத காலின் தோலைத் துளைத்து, குருதியோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இதனால் இரும்புச்சத்து குறைந்து, இரத்தசோகையால் சோர்ந்திருக்கும் சிறுவனைப் படிப்பில் மந்தமானவன் என்று பெரியவர்கள் முடிவுகட்டுவது பெரும் அநீதி.

இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு 400 மில்லிகிராம் தரப்படும் இம்மருந்து, குடலிலுள்ள புழுக்களைக் கொல்லுமே தவிர, மறுதொற்றைத் தடுக்காது. மண் மாசுபட்டிருக்கும்வரை புழுக்கள் திரும்ப வரும். எனவே கழிப்பறையைக் கட்டுவதோடு நில்லாமல் எல்லோரும் அதைப் பயன்படுத்துவதும், உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவதும், செருப்பணிவதும் இன்றியமையாதவை. கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்று எண்ணிக் குப்பைமேட்டில் எறியும் வழக்கத்தைப் பெற்றோர் இன்றே கைவிட வேண்டும்.