ஒன்றும் ஒன்றும் இரண்டு டம்ளரா?

ஒரு டம்ளர் நிறைய மல்லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் உரிக்காத முழு நிலக்கடலை. அதே டம்ளரால் ஒரு டம்ளர் கேழ்வரகும் அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரு குண்டானில் கொட்டிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். இப்போது அந்தக் கலவையை மறுபடி அதே டம்ளரால் அளந்தால் எத்தனை டம்ளர் வரும்?

இரண்டு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

பார்த்தீர்களா? முதல் டம்ளர் நிரம்பியது, இரண்டாவது குறையாக நின்றுவிட்டது. கீழே ஒரு மணி சிந்தவில்லை, யாரும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவும் இல்லை. அப்படியானால் மீதி எங்கே போனது?

விரலை விட்டுக் கிளறிப் பாருங்கள். மல்லாட்டைகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் கேழ்வரகு போய் உட்கார்ந்திருக்கும். நிரம்பிவிட்டது என்று நாம் நினைத்த டம்ளரில் பாதிக்குப் பாதி காற்றுதான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். கேழ்வரகு நுழைந்ததும் காற்று வெளியேறிவிட்டது. கேழ்வரகு மணிகளுக்கு நடுவிலும் சந்து உண்டு. கலவை நிரம்பிய டம்ளரில் மெல்லத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அதுவும் உள்ளே இறங்கும். நனைந்த கேழ்வரகை வீணாக்காமல் துணியில் கட்டி முளைக்க விடுங்கள்.

இந்தச் சந்துகளை நினைத்துப் பெரிய பெரிய கணித அறிஞர்களே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகளைப் பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால், இடத்தில் நூற்றுக்கு 64 பங்குதான் குண்டு, மற்றது காற்று. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கும் முறையில் ஒவ்வொன்றாக அடுக்கினால் 74 பங்குவரை போகும். இதைவிட நெருக்கி அடுக்கவே முடியாது என்று 1611இல் எழுதியவர் கெப்ளர். கோள்கள் சூரியனைச் சுற்றும் விதிகளைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். அவர் சொன்னது சரிதான் என்று கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபணம் கொடுத்தது 1998இல்!

இனி செஞ்சிக் கோட்டைக்குள் வாருங்கள். ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் நெற்களஞ்சியம் இருக்கிறது. உள்ளே போய் நின்று, இது முழுக்க நெல் நிறைந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை விட்டு விட்டு முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர் மராத்திய மன்னர் சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியிலிருந்து உணவு வருவது நிச்சயமில்லாத நாட்களில், கையிருப்பு எத்தனை மரக்கால், எத்தனை கலம் என்ற கணக்கில் தப்பு வந்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து. அந்தக் கணக்கிலும் காற்று ஒளிந்திருக்கும். படியில் நெல்லைக் கொட்டித் தலை தட்டுங்கள். அப்புறம் படியைக் குலுக்கிப் பாருங்கள், நெல் கீழே இறங்கி இன்னும் ஒரு பிடிக்கு இடம் விடும். குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலை தட்டி அளந்தால் இன்னொரு கணக்கு. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். பார்க்கப் போனால் உச்சிக்கு ஏறுவதற்கு முன் களஞ்சியத்துக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

இப்படிக் கையால் அளந்து பார்ப்பது வகுப்பறையிலும் உண்டு. உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும் தம்பி தங்கை இருந்தால் அவர்கள் வகுப்பை எட்டிப் பாருங்கள். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டுவார்கள், குச்சிகளைக் கட்டாகக் கட்டுவார்கள், சாணால் பெஞ்சை அளப்பார்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் பாடம் அதுதான். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 வாக்கில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து உட்கார்ந்து செய்து பார்த்தே படிக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கையால் செய்வது எதற்கு, சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று தோன்றுகிறதா? ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து, இரண்டு ஒரே மாதிரி டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். பிறகு ஒன்றிலிருக்கும் தண்ணீரை மட்டும் ஒல்லியான உயரப் பாட்டிலில் மாற்றிவிட்டு, எதில் அதிகம் என்று கேளுங்கள். பெரும்பாலும் பாட்டிலைத்தான் காட்டும். சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் ஜான் பியாஜே குழந்தைகளிடம் இதையே கேட்டுப் பார்த்தார். ஏழு வயதை ஒட்டித்தான் இந்தத் தடுமாற்றம் விலகுகிறது என்று எழுதினார். நாம் "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று பத்துத் தரம் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்கு ஏறாது. தானே ஊற்றி, திருப்பி ஊற்றி, மறுபடி ஊற்றிப் பார்க்க வேண்டும். அப்போது தரை நனைந்தால் யாரும் கோபிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒன்று மட்டும் கவனம்: மணிகளைக் குட்டிப் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். பக்கத்திலேயே இருங்கள்.

சரி, நம் டம்ளருக்கு வருவோம். ஒரு டம்ளர் மல்லாட்டையையும் ஒரு டம்ளர் கேழ்வரகையும் தராசில் தனித்தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கலந்த பிறகு மொத்தமாக நிறுத்துப் பாருங்கள். இரண்டு எடையையும் கூட்டினால் என்ன வருமோ அது அப்படியே வரும். அளவு சுருங்கியது, எடை சுருங்கவில்லை. எடை போடும்போது சந்துக் காற்று நம்மை ஏமாற்ற முடியாது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல் மூட்டைகளைப் படியால் அளக்காமல் எடை போடுவதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் எடையையும் ஏமாற்ற ஒரு ஆள் உண்டு: ஈரம். அதனால்தான் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல் எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார்கள். காய்ந்த மணி 'டக்'கென்று உடையும், ஈர மணி நசுங்கும். அரசு கொள்முதல் நிலையங்களில் இதற்கென்றே கருவி இருக்கிறது, வழக்கமான வரம்பு 17 விழுக்காடு.

இன்று ராத்திரி 100 கிராம் பச்சைப்பயறு நிறுத்து ஊற வையுங்கள். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எத்தனை கிராம் வரும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள்.