கூரையில் விழும் மழை எங்கள் சொத்து



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியில் கடலேரியோடு சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். எங்களுக்கென்று இருப்பது மழை ஒன்றுதான். கோடையில் கிணற்றில் அள்ளும் தண்ணீரும் முன்னைய மாரியில் பெய்து நிலத்துக்குள் இறங்கிய மழையே.

குடாநாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இது குறைந்த மழை அல்ல. ஆனால் அதன் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதங்களுக்குள் கொட்டிவிடுகிறது. கார்த்திகையில் முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம், ஆவணியில் குடத்தோடு வரிசை. இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே வருடத்தில் காண்கிறோம்.

நிலத்தின் கீழே என்ன இருக்கிறது?

எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைய உண்டு. மழைநீர் அவற்றினூடாக விரைவாக இறங்கித் தங்குகிறது. சுற்றிவரக் கடல் இருப்பதால் ஆழத்தில் உப்புநீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது; அதனால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் இதை நேரே அறியலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் மெல்ல மெல்ல நாற்பதடிவரை மேலே ஏறிவரும். துலாவும் பட்டையும் இருந்த நாளில் மனிதனின் உடல் பலத்துக்கு ஏற்றபடிதான் தண்ணீர் வெளியே வந்தது. இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. கிணறு உங்கள் வளவில் இருக்கலாம், ஆனால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஊருக்குப் பொது. ஒரு வீடு அளவின்றி இறைத்தால் அடுத்த வீட்டுக் கிணறும் உவராகும்.

உப்பு மட்டுமல்ல. தோட்டங்களுக்குப் போடும் பசளையும் மலகூடக் குழிகளின் கழிவும் இதே வெடிப்புகளால் இறங்குகின்றன. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து, 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்கள் பட்ட பாட்டை அறிவோம். அந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. ஆனால் கெட்டுப்போன நிலத்தடி நீரைத் தீர்ப்பினால் திருப்பிக் கொடுக்க முடியாது.

நான் கண்டது

எனது ஊர் மயிலிட்டி. 1990 இல் ஊரைவிட்டு வெளியேறினோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் நின்றேன். முன்னே போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதார்கள். அப்போது மழை பிடித்தது. சனம் குடையைத் தலைகீழாய்ப் பிடித்து அதில் சேர்ந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கியது. மழைநீர் குடிக்க உதவுமா என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

பிறகு நலன்புரி முகாமில் பல வருடங்கள். பவுசர் வரும் நேரம்தான் அங்கே எங்களுக்கு மணிக்கூடு. 2017 இல் காணி விடுபட்டு ஊருக்குத் திரும்பியபோது எங்கள் கிணறு கல்லும் மண்ணுமாய்த் தூர்ந்து கிடந்தது. இறைத்துத் துப்புரவாக்கினோம். தண்ணீர் வந்தது, ஆனால் உவர். குளிக்கலாம், தோய்க்கலாம், தேத்தண்ணி வைக்க முடியாது.

என்னுடைய வீட்டில் ஆண்துணை இல்லை. நானும் மகளும்தான் குடிதண்ணீர் சுமந்தோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லீற்றர் கான் இருபது கிலோ. மகள் பின்னேர வகுப்புக்குப் பிந்திப் போவாள்; எனக்கு இரவில் நாரி நோவு. நம்மில் எத்தனை பேர் இப்படிச் சுமக்கிறோம் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. அதனால் நானே ஒரு கொப்பியில் கணக்குப் போட்டேன்.

கொப்பிக் கணக்கு

மீள்குடியேற்றத்தில் கட்டிய வீடுகள் பலவற்றின் தரைப்பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி, அதாவது 50 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். சிந்துவதும் காய்வதும் போக நூற்றுக்கு எண்பது கிடைக்கும் என்று வைத்தால்:

• 25 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு நாளில் 1,000 லீற்றர்.
• 5,000 லீற்றர்த் தாங்கி நிரம்ப 125 மில்லிமீற்றர் மழை. மாரியில் சில நாட்களிலேயே இது கிடைத்துவிடும்.
• வருடம் முழுவதற்கும் 50,000 லீற்றர்.

நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் போதும். அப்படியானால் 5,000 லீற்றர் 250 நாட்களுக்கு வரும். தை முதல் ஆவணி வரை, அதாவது அடுத்த மாரி கிட்ட வரும்வரை. 5,000 லீற்றர் என்பது ஐந்து தொன். ஒவ்வொரு கோடையிலும் ஒரு வீட்டுப் பெண் சுமப்பது அந்த ஐந்து தொன்னைத்தான். கூரையும் பீலியும் அந்தச் சுமையை எங்களுக்காகச் சுமக்கும்.

செய்யும் முறை

1. புரட்டாதி மாதத்திலேயே கூரையைக் கூட்டி, சருகையும் காக்கை எச்சத்தையும் அகற்றுங்கள். கூரைமேல் சாய்ந்த கொப்புகளை வெட்டுங்கள். ஓடும் தகரமும் நல்லவை. ஓலைக்கூரை நீர் குடிக்க உதவாது, மரங்களுக்கு விடலாம்.

2. கூரை விளிம்பில் பீலி பொருத்துங்கள். தாங்கிப் பக்கமாகச் சற்றுச் சாய்வு இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் பீலியில் நுளம்பு பெருகும்.

3. ஒவ்வொரு மழையிலும் முதலில் வருவது அழுக்கு. அதைத் தாங்கிக்குள் விடக்கூடாது. தாங்கிக்கு முன்னால் நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் பத்தடி நீளத்துக்குக் கீழே இறக்கி, அடியை மூடியால் அடையுங்கள். முதல் 25 லீற்றர் அளவு அதில் நிரம்பிய பிறகே நல்ல நீர் தாங்கிக்குப் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து வெளியேற்றுங்கள்.

4. தாங்கி வாயில் சல்லி, கழுவிய மணல், சிரட்டைக்கரி என்று அடுக்கிய வடிகட்டி வையுங்கள். மாரி தொடங்குமுன் அவற்றை மாற்றுங்கள்.

5. தாங்கியை இறுக மூடுங்கள். திறந்த இடத்துக்கெல்லாம் நெருங்கிய கண் வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு தேடுவது சுத்தமான தேங்கிய நீரைத்தான். வாளி, பரல்களை வாரம் ஒரு முறை உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும்.

6. குடிக்க முன் கொதிக்க வையுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உப்பும் நைத்திரேற்றும் போகாது. நீர் வற்ற வற்ற அவை செறிவாகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். மாப்பால் கரைக்க வேண்டிய நிலை வந்தால், நைத்திரேற்றுக் கூடிய கிணற்று நீரைவிடக் கொதித்தாறிய மழைநீர் பாதுகாப்பானது.

கம்பிவலையும் சீமெந்தும் சேர்த்துக் கட்டும் தாங்கி நீண்டகாலம் நிற்கும். 1995 ஆம் ஆண்டு பதுளை, மாத்தறை மாவட்டங்களில் சமூக நீர்வழங்கல் திட்டத்தின் கீழ் இத்தகைய 5,000 லீற்றர்த் தாங்கிகள் வீடுகளில் கட்டப்பட்டன. போருக்குப் பின் வடக்கிலும் பல குடும்பங்களுக்குக் கிடைத்தன. தாங்கி இல்லை என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பரலும் ஒரு துண்டுப் பீலியும் இருந்தால் இந்த மாரியிலேயே தொடங்கலாம். எங்கள் ஒழுங்கையில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்தோம். சீட்டு விழும் மாதத்தில் அவரவர் வீட்டுக்குப் பீலியும் பரலும் வந்தன. ஏணியில் ஏற இளம் பிள்ளைகள் உதவினார்கள். மற்ற வேலையெல்லாம் பெண்களே செய்தோம்.

மிஞ்சியதை நிலத்துக்குக் கொடுப்போம்

தாங்கி நிரம்பி வழிவதை ஒழுங்கைக்கு விடாதீர்கள். வளவில் ஒரு குழி வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, அதற்குள் விடுங்கள். கூரையில் விழுந்த சுத்தமான நீரை மட்டுமே விடவேண்டும். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது ஐம்பதடி வேண்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதற்கு மேலும் தள்ளி இருந்தால் நல்லது.

முற்றத்தை முழுவதும் சீமெந்து பூசி அடைக்காமல் மண்ணாகவே விடுவோம். எங்கள் முன்னோர் ஊருக்கு ஊர் குளமும் கோயிலுக்குக் கோயில் கேணியும் வெட்டியது அழகுக்காக மட்டுமல்ல. அவை நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். தூர்ந்த குளத்தைத் தூர்வாரித் தரும்படி மாதர் சங்கத்தின் மூலம் பிரதேச சபைக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்ட பின் சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்தது. சுற்றிவரக் கடல் உள்ள எங்களுக்கு அது இன்னும் அவசியம்.

அள்ளியதை அளந்து செலவழிப்போம்

"காசைத் தண்ணியாய்ச் செலவழிக்கிறான்" என்று ஊதாரியைச் சொல்வார்கள். தண்ணீரைக் காசாகச் செலவழிக்கப் பழகவேண்டும்.

• விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லீற்றரை வீணாக்கும். ஒரு குடும்பத்தின் ஒரு நாள் குடிதண்ணீர் அது.
• அரிசி, மரக்கறி கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்துப் பயிருக்கு விடுங்கள்.
• கிணற்றடி நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகும்படி வாய்க்கால் வெட்டுங்கள்.
• தென்னம்பாத்தியில் பொச்சு மட்டையைப் புதைத்தால் ஈரம் நிற்கும்.
• பூசணி, பாகல் கொடிகளுக்கு அருகே மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடுங்கள். ஊறும் நீரே வேருக்குப் போதும்.

2024 ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் வரும் இடங்களில் அது பெரிய ஆறுதல். ஆனாலும் குழாய் நீருக்கு மாதாமாதம் பில் வரும். மழைக்குப் பில் இல்லை.

போர் எங்களிடமிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டது. அவற்றில் சில திரும்பி வரப்போவதில்லை. மழை மட்டும் ஒவ்வொரு ஐப்பசியிலும் திரும்பி வருகிறது. அது வரும்போது உங்கள் வீட்டுப் பீலி துப்புரவாகவும் பரல் மூடியோடும் தயாராக இருக்கட்டும், சகோதரிகளே.